கெமர் தெரியாமல் கம்போடியாவுக்கு ஊழியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையிலிருந்து சிறு குழுவாகக் கம்போடியாவுக்குப் போய்வர ஆரம்பித்த நாளிலிருந்து, பெயர் கொடுக்கிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதில் பாதிக்கு மேல் மொழியைப் பற்றியது. நான் நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நாள், பட்டம்பாங் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிற சின்னச் சபைகளோடு. இன்றைக்கும் எனக்குக் கெமர் சரளமாக வராது. ஆனாலும் எது உதவுகிறது, எது அந்த மக்களுக்குச் சுமையாகிவிடுகிறது என்று கொஞ்சம் கற்றுக்கொண்டேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கெமர் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நான் வரலாமா?

வரலாம். ஆனால் அங்கே போனதும் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே நீங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருக்கலாம், பாடகர் குழுத் தலைவராக இருக்கலாம், நன்றாகப் பேசுகிறவர் என்று பெயர் வாங்கியிருக்கலாம். அங்கே இறங்கின நிமிடத்திலிருந்து தண்ணீர் கேட்கவும் தெரியாத, கழிப்பறை எங்கே என்று கேட்கவும் தெரியாத மூன்று வயதுப் பிள்ளை மாதிரிதான். அதை ஏற்றுக்கொள்ள மனது இருந்தால் வாருங்கள்.

என்னைக் கேட்டால் இதில் ஒரு நன்மை இருக்கிறது. நமக்கு மொழி தெரியாததால் ஊழியத்தை நடத்துகிறவர் அந்த ஊர்ப் போதகராகவே இருக்கிறார், நாம் அவர் கைக்கு உதவியாக நிற்கிறோம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், ஏனென்றால் நாம் கிளம்பிப் போன பிறகும் அந்த மக்களோடு இருக்கப்போகிறவர் அவர்தான்.

பேச முடியாவிட்டால் பன்னிரண்டு நாள் அங்கே என்னதான் செய்வது?

கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுல் முதலில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். மழையும் குளிரும். முன்பின் தெரியாத அந்தத் தீவார் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள், பவுல் விறகு பொறுக்கி நெருப்பில் போடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

விறகு பொறுக்குகிற வேலை அங்கே நிறைய இருக்கும். கூரைத் தகடு மாற்றுவது, சபைக்குப் பின்னால் கழிப்பறை கட்டுவது, சமையலில் காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது. இரண்டாவது பயணத்தில் எங்களோடு ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார், அவருக்கு ஆங்கிலமும் வராது, கெமரும் வராது. கிளம்பும்போதே "நான் வந்து என்ன பிரயோஜனம்" என்று சங்கடப்பட்டுக்கொண்டே வந்தவர், நாலு நாள் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரோடு சேர்ந்து சபை முழுவதும் வயரிங் செய்தார். இவர் கட்டிங் பிளேயரைக் காட்டுவார், அவர்கள் பெயர் சொல்வார்கள், இவர் திருப்பிச் சொல்வார், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் குழுவில் மிக அதிகக் கெமர் கற்றுக்கொண்டு திரும்பியவர் அவர்தான்.

ஆங்கிலம் இருந்தால் போதாதா?

புனோம் பென்னிலும் சியம் ரீப்பிலும் ஓரளவுக்குப் போதும், இளைஞர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். கிராமத்தில் போதாது. அங்கே ஆங்கிலம் தெரிந்த இரண்டு மூன்று இளைஞர்கள் இருப்பார்கள், நம்முடைய முழுக் குழுவும் அவர்கள் பின்னாலேயே ஓடும், மூன்றாவது நாள் அவர்கள் களைத்துவிடுவார்கள். அதனால்தான் குழுவைச் சிறியதாக வைக்கச் சொல்கிறேன். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு நாலு பேருக்கு மேல் இருந்தால் எல்லாருக்கும் கஷ்டம்.

எனக்கு ஆங்கிலமும் சரியாக வராதே?

பரவாயில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நம் குழுவில் ஒருவர், ஆங்கிலத்திலிருந்து கெமருக்கு அவர்களில் ஒருவர். இப்படி இரண்டு கை மாறிப் போகும்போது பத்து நிமிடச் சாட்சி அரை மணி நேரமாகிவிடும், ஆகவே பத்து நிமிடம் கொடுத்தால் மூன்று நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன் எவ்வளவு கெமர் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஐம்பது வார்த்தை. மூன்று மாதம் இருக்கிறது, ஐம்பது வார்த்தை எல்லாராலும் முடியும். ஒலிப்பதிவு கேட்டுத்தான் படிக்க வேண்டும், தமிழில் எழுதினால் பாதிதான் வரும், இருந்தாலும் ஒரு அடையாளத்துக்காகச் சொல்கிறேன்.

மரியாதையான வணக்கம் "சும் ரியப் சுவா". நன்றி "ஆர்குன்". மன்னிக்கவும் "சோம் தோஹ்". ஆமாம் என்பதற்கு ஆண்கள் "பாத்" என்றும் பெண்கள் "ஜாஹ்" என்றும் சொல்வார்கள், இதை மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதுவும் நல்ல ஆரம்பம்தான். எண்கள் சுலபம்: முயி, பீ, பெய், புவோன், ப்ராம், அதற்குமேல் ஆறு என்றால் "ப்ராம் முயி", அதாவது ஐந்தும் ஒன்றும், ஏழு "ப்ராம் பீ". ஐந்து எண் தெரிந்தால் ஒன்பது வரை வந்துவிடலாம்.

அடுத்தது முறைப்பெயர்கள். கம்போடியாவில் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம் ஊர் மாதிரியே அண்ணன் அக்கா தாத்தா பாட்டிதான். மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் "போங்", இளையவர் "ஓன்", சித்தி அத்தை வயதுக்காரர் "மிங்", பாட்டி "யேய்", தாத்தா "தா". ஆசிரியர் என்றால் "க்ரூ", நம்முடைய குருவேதான். முதல் நாளே ஒரு பாட்டியை "யேய்" என்று கூப்பிட்டுக் கும்பிட்டுப் பாருங்கள், அப்புறம் அவர் உங்களைப் பட்டினியாக விடமாட்டார்.

கடைசியாக ஒரு வாக்கியம்: "ஞாம் பாய் ஹாய் நௌ?" சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நாம் "சாப்பிட்டீங்களா" என்று எப்படிக் கேட்கிறோமோ அதேபோல நலம் விசாரிக்கிற வார்த்தை அது.

தமிழ் தெரிந்திருப்பது ஏதாவது விதத்தில் உதவுமா?

நினைப்பதைவிட அதிகம். கெமர் எழுத்து தென்னிந்தியாவின் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. தேதியோடு கிடைத்த மிகப் பழைய கெமர் கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது, காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்ட காலம் கிட்டத்தட்ட அதுதான், அங்கோர் அரசர்கள் பலரின் பெயர்களும் ஜெயவர்மன், சூர்யவர்மன் என்று "வர்மன்" என்றே முடியும். சமஸ்கிருதமும் பாலியும் வழியாகப் போன வார்த்தைகள் நம் காதுக்கும் பழகினவை: முகத்துக்கு "முக்", மொழிக்கு "பியாசா", அதாவது பாஷை.

தாய், வியட்நாம் மொழிகளைப் போல ஒரே எழுத்தை ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருள் மாறுகிற தொல்லை கெமரில் இல்லை. வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது. கடினம் எங்கே என்றால் உயிரெழுத்துகளில், அவை மிக அதிகம், நுணுக்கமானவை. படிப்பதும் கடினம், சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதுவார்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் பாஷையைக் கொடுத்தாரே? நாம் ஏன் உட்கார்ந்து படிக்க வேண்டும்?

இதை நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்த அளவுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அன்றைக்கு எருசலேமில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பாஷையிலே கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. தேவன் ஒவ்வொரு ஜனத்தின் தாய்மொழியையும் அவ்வளவு பெரிதாக எண்ணுகிறார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன், அப்படியானால் நாமும் அதைப் பெரிதாக எண்ண வேண்டும். அதே அப்போஸ்தலர் நடபடிகளில் 14-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். லீஸ்திராவில் ஜனங்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று எண்ணித் தங்கள் லிக்கவோனியா பாஷையில் சத்தமிடுகிறார்கள், எருதுகளும் பூமாலைகளும் வந்து பலியிடப் போகிற நேரத்தில்தான் இவர்கள் இருவரும் அதை அறிந்து வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்போஸ்தலருக்கே மொழி அப்படித் தடையாக நின்றிருக்கிறது.

நம் கதையும் இதுதானே. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்குத் தமிழ் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். ஒன்பதே வருடத்தில், 1715-ல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்துவிட்டது. கெமர் மொழியில் முழு வேதாகமம் 1954-ல்தான் வந்தது. நம் மொழியை ஒருவர் மணலில் உட்கார்ந்து படித்ததால் வேதம் நம் வீட்டுக்கு வந்தது, நாம் ஐம்பது வார்த்தை படிக்க மாட்டேன் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

மொழிபெயர்ப்பாளரோடு பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவரும் ஒரு ஊழியர், நம் குரலைக் கடத்துகிற கம்பி அல்ல. முந்தின நாள் ராத்திரியே அவரோடு உட்கார்ந்து நீங்கள் பேசப்போவதை முழுவதும் சொல்லிக் காட்டுங்கள், வசனங்களைக் கெமர் வேதாகமத்திலேயே எடுத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் மேடையில் திடீரென்று வசனம் சொன்னால் அவர் அங்கேயே நின்று மொழிபெயர்க்கத் திணறுவார்.

ஒரு வாக்கியம், நிறுத்தம், அடுத்த வாக்கியம். பாதி வாக்கியத்தில் நிறுத்தாதீர்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, கெமரில் நடுவில் வருகிறது, ஆகவே நீங்கள் முடிக்காமல் அவரால் ஆரம்பிக்கவே முடியாது. பழமொழி வேண்டாம், சிலேடை வேண்டாம். முதல் பயணத்தில் நான் சாட்சி சொல்லும்போது "கர்த்தர் என்னைக் கைவிடவில்லை, தூக்கி எடுத்து கன்மலையின்மேல் நிறுத்தினார்" என்று நம் சபைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனேன், மொழிபெயர்த்த தங்கை நின்றுவிட்டு என்னைப் பார்த்தாள், நீங்கள் மலையேறும்போது விழுந்தீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். சபைக்குள்ளேயே வளர்ந்த நமக்கு அது சாதாரணப் பேச்சு, மற்றவர்களுக்கு அது தனி மொழி. "வேலை போயிற்று, ஆறு மாதம் கடனில் இருந்தேன், ஜெபித்தேன், என் அத்தை வீட்டில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்" என்று சொல்லியிருந்தால் நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கெமரில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. சாப்பிடுவது என்ற ஒரே செயலுக்கு நமக்குள் பேசும்போது "ஞாம்", மரியாதையாகச் சொன்னால் "பிசா", துறவிக்கு "ச்சான்", அரசருக்கு "சாவோய்". கெமர் வேதாகமத்தில் ஆண்டவரைப் பற்றி எழுதும்போது அரசருக்குரிய சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி தயங்கினால் அவர் சரியான சொல்லைத் தேடுகிறார் என்று புரிந்துகொண்டு காத்திருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், கேட்கிற ஜனங்களைப் பார்த்துப் பேசுங்கள். பாட்டி கேள்வி கேட்டால் பாட்டியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறதே?

சந்தையில் மாம்பழம் விலை கேட்க, வழி கேட்க, மருந்துக் கடைப் பலகை படிக்க நல்லது. ஜெபத்துக்கும் ஆறுதலுக்கும் வைத்தியத்துக்கும் அதை நம்பாதீர்கள். துக்கத்தில் இருக்கிறவர் முன்னால் கைபேசியை நீட்டுவதைவிட, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

நான் நர்ஸ். மருத்துவ முகாமில் மொழி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

முதலில், அந்த நாட்டு அனுமதியும் உள்ளூர் மருத்துவர் ஒருவரும் இல்லாமல் முகாம் என்ற பேச்சே வேண்டாம். மற்றபடி "ச்சூ" என்றால் வலி, "ச்சூ க்பால்" தலைவலி, "ச்சூ போஹ்" வயிற்றுவலி. மாத்திரை உறையில் எழுதுவதற்குப் பதிலாக உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று வரைந்து எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதுகிலும் நெஞ்சிலும் வரிவரியாகச் சிவந்த தழும்போடு பிள்ளைகளும் பெரியவர்களும் வருவார்கள், முதலில் பார்க்கிறவர்கள் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று பதறிவிடுவார்கள். அது "கோஸ் க்யால்", தைலம் தடவி நாணயத்தால் சுரண்டுகிற வீட்டு வைத்தியம். க்யால் என்றால் காற்று. உடம்பில் காற்று சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் சொல்லும் காரணம், வாயு பிடித்திருக்கிறது என்று நம் பாட்டிகள் சொல்வதில்லையா, அந்த மாதிரி. ஏளனமாகப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். புரிந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. "பாத்", "ஜாஹ்" என்பது பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற மரியாதை மட்டுமே. விருந்தாளி முகம் வாடக்கூடாது என்றும் சிரிப்பார்கள், சங்கடமானாலும் சிரிப்பார்கள். ஆகவே கூட்டத்தில் எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணி ஊரில் வந்து அறிக்கை படிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தூரத்திலிருந்து வந்தவர் கை உயர்த்தச் சொன்னால் மரியாதைக்காகவே உயர்த்துவார்கள். யார் உண்மையில் விசுவாசத்துக்கு வந்தார் என்பது ஒரு வருடம் கழித்து அந்தப் போதகருக்குத்தான் தெரியும்.

தலையில் கை வைத்து ஜெபிக்கலாமா?

கேட்காமல் வைக்காதீர்கள். நாம் பழக்கத்தில் செய்துவிடுவோம், அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். கெமர் மக்களுக்குத் தலை மிகப் புனிதமான பாகம், பிள்ளைகள் தலையைச் செல்லமாகத் தட்டுவதும் தவறு. உள்ளூர்ப் போதகர் எப்படி ஜெபிக்கிறார் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள். காலை ஆளை நோக்கி நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் புத்த பிக்குகளைத் தொடக்கூடாது. செருப்பை வெளியே விடுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் பழைய காலத்தைப் பற்றிக் கேட்கலாமா?

நீங்களாகக் கேட்க வேண்டாம். 1975 ஏப்ரல் 17-ல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் தலைநகரைப் பிடித்ததிலிருந்து அதன் ஆட்சி விழுந்த 1979 ஜனவரி வரை, பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் ஏறத்தாழ 15 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள். சபையும் அதில் ஏறக்குறைய அழிந்துபோனது. அறுபது வயதைத் தாண்டிய யாரைப் பார்த்தாலும் அவர் வீட்டில் யாரோ ஒருவர் போயிருப்பார். அவர்களாகச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இதில் மொழிபெயர்ப்பாளரையும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வார்த்தைகளைத் தன் வாயால் உங்களுக்குச் சொல்ல வேண்டியவர் அவர், அது அவருடைய தாத்தாவின் கதையாகவும் இருக்கலாம். ஒருமுறை எங்கள் மொழிபெயர்ப்பாளர் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார். மீதியை நாங்கள் கேட்கவில்லை, அந்தத் தாத்தாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அநாதை இல்லத்தில் போய்ப் பிள்ளைகளோடு விளையாடலாமா? அதற்கு மொழி வேண்டாமே.

நாங்கள் போவதில்லை. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக யுனிசெஃப் எடுத்துச் சொன்னது. வெளிநாட்டார் வருகையும் காணிக்கையும்தான் பல இல்லங்களைப் பெருக வைத்தன. மொழி தெரியாத நாம் ஒரு வாரம் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுவோம், அடுத்த வாரம் இன்னொரு குழு வரும், பிள்ளை ஒவ்வொரு முறையும் அழும். வேண்டாம். பெற்றோர் அழைத்துவருகிற ஞாயிறு பள்ளியில், உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து விளையாடுங்கள்.

சட்டப்படி ஏதாவது சிக்கல் உண்டா?

அரசமைப்புச் சட்டப்படி அங்கே பௌத்தம் அரசு மதம், மற்றவர்கள் வழிபடச் சுதந்திரம் உண்டு. ஆனால் பௌத்தர் அல்லாத அமைப்புகள் பொது இடத்தில் மதப்பிரசாரம் செய்யத் தடை இருக்கிறது, துண்டுப்பிரதிகளை வழிபாட்டு இடத்துக்குள்ளேதான் கொடுக்கலாம், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் செய்வதும் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் அரிசி மூட்டையைக் காட்டி யாரையும் சபைக்கு அழைப்பது தவறு என்றே நான் நம்புகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், எந்த வகை என்பதை அழைக்கிற சபையிடமும் தூதரகத்திடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ்ப் பாட்டு பாடலாமா?

ஒன்று பாடலாம், ஆசையாகக் கேட்பார்கள். அதற்கு முன் அவர்கள் பாட்டில் இரண்டு கற்றுக்கொள்ளுங்கள். "அல்லேலூயா"வும் "ஆமென்"னும் அங்கேயும் அதேதான்.

திரும்பி வந்த பிறகு தொடர்பு எப்படி?

கெமர் எழுத்தைக் கைபேசியில் தட்டுவது சிரமம் என்பதால் அங்கே பலரும் குரல் செய்திதான் அனுப்புவார்கள், அது நமக்கு நல்ல வசதி. வந்த பிறகு மொழியை விட்டுவிடாதீர்கள், வாரம் ஒரு குரல் செய்தி போதும், தப்பாகவே பேசுங்கள். நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுப்புவார். பின்னால் கோழிச் சத்தம் கேட்கும், பேரன் எதையோ கத்துவான். பாட்டி எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்வார்: "ஞாம் பாய் ஹாய் நௌ?" நானும் பதில் அனுப்புவேன்: "ஞாம் ஹாய், யேய்." சாப்பிட்டேன், பாட்டி.